மருந்து ரூம் கதவை மூடினவ

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். இதை நானே முதல்ல சொல்லிடறேன். மத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். நான் கோபத்துல சொன்ன வார்த்தைங்களைச் சேர்த்து வச்சிருந்தா எங்க லாண்டரி டிராலி ரெண்டு நிறைஞ்சிருக்கும். ஆனா கை நீட்டினது வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். அதுவும் என் தம்பி பொண்டாட்டியை. அவளைப் பத்தித்தான் சொல்லப் போறேன். யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காட்டியும் சொல்வேன்.

எங்க லாண்டரி ஊருக்குள்ள இருக்கிற மாதிரி சட்டை, வேட்டி துவைச்சுக் கொடுக்கிற இடம் இல்லை. ஆறு ஹோட்டல், ரெண்டு ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு மூவாயிரம் விரிப்பு வரும், அழுக்கா வந்து வெள்ளையாப் போகும். ஒரு பக்கம் துவைக்கிற மெஷினுங்க, நடுவுல இஸ்திரி உருளைங்க, இந்தப் பக்கம் மடிக்கிற மேசை. அந்த மேசையில நான் பத்தொன்பது வருஷமா நிக்கறேன்.

பெரிய விரிப்பை ஒருத்தரா மடிக்க முடியாது. அந்த முனையை ஒருத்தர் பிடிக்கணும். எனக்கு எதிர்ல நின்னு பிடிக்க வந்தவதான் அவ. ஒரு வருஷம் பார்த்தேன். முனையும் முனையும் சேர்க்கும்போது ஒரு தடவைகூட ஒரு விரல் அளவு பிசகினது கிடையாது. பேச்சும் அப்படித்தான், கேட்டதுக்குப் பதில், அதுக்கு மேல ஒரு சொல் கிடையாது. எங்கம்மா போனப்புறம் என் தம்பியை வளர்த்தது நான். அவன் ஒரு விளையாட்டுப் பிள்ளை. மெஷினுங்களுக்கு மருந்து தூக்கிக் கொண்டு போற வேலை அவனுக்கு. இவனுக்கு இப்படி ஒருத்திதான் சரிப்படுவான்னு நானே போய்ப் பேசி முடிச்சேன்.

மருந்துன்னு நாங்க சொல்றது சாப்பிடறது இல்லை. துணியை வெளுக்கிற பிளீச், அழுக்கு எடுக்கிற காரம், கடைசி அலசல்ல காரத்தை முறிக்கறதுக்கு ஆசிட். அந்த ஆசிட் கொஞ்சம் போடலைன்னா விரிப்பு மஞ்சளடிக்கும், படுக்கிறவங்களுக்கு உடம்பு அரிக்கும். இதெல்லாம் இருக்கிறது மருந்து ரூம்ல. என் மேசைக்குப் பின்னாடி பத்தடி தள்ளி அதோட கதவு. கதவைத் திறந்தா உள்ள நாலு படி கீழே இறங்கும். ஜன்னல் கிடையாது. பின்சுவர்ல காத்தை வெளியே தள்ற ஒரு காத்தாடி, அவ்வளவுதான். இடது பக்கம் பிளீச் டிரம், வலது பக்கம் ஆசிட் கேன்.

கல்யாணம் ஆகி ஆறு மாசம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் தாகம்னு மேசை மேல இருந்த தண்ணி பாட்டிலை எடுத்து வாய்கிட்ட கொண்டு போனேன். எதிர்ல நின்னவ விரிப்பைப் போட்டுட்டு பாட்டிலைத் தட்டி விட்டா. தரையில சிந்தினது நுரைச்சுக்கிட்டுப் போச்சு. எவனோ காரத்தைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கான். நான் அவனைத் தேடிப் பிடிச்சுக் கத்தினேன், மூணு நாள் கத்தினேன். அவ கத்தலை. மேனேஜர் கிட்டப் போய் மருந்து ரூம் சாவியைக் கேட்டு வாங்கிக்கிட்டா.

அன்னையிலேர்ந்து ஆரம்பிச்சுது. டிரம்மோட வர்ற பொடி எழுத்துக் காகிதத்தையெல்லாம், நாங்க பொட்டலம் கட்டிக்கிட்டிருந்த காகிதத்தை, உக்காந்து படிச்சா. புரியாததை மருந்து கொண்டு வர்ற லாரிக்காரரை நிறுத்தி வச்சுக் கேட்டா. ரெண்டு நாள் பயிற்சி ஒண்ணுக்கு மேனேஜரை நச்சரிச்சுப் போயிட்டு வந்தா. ஒவ்வொரு கேன்லயும் பெரிசா எழுதி ஒட்டினா. எங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா, அவளுக்கு 'லேபிள்'னு பேரு வச்சுட்டாங்க. வீட்டுலயும் உப்பு, சர்க்கரைன்னு எழுதி ஒட்டி வச்சா. என் தம்பி ஒரு நாள் சட்டையில 'புருஷன், கவனமாகக் கையாளவும்'னு ஒரு சீட்டு ஒட்டிக்கிட்டு வந்து சாப்பாட்டுக்கு உக்காந்தான். அவ சிரிக்கலை. சீட்டை எடுத்து, 'தேதி போடலையே'ன்னா. எனக்குப் புரையேறிப் போச்சு.

எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது சிந்தினாலும் துணி. லாண்டரிக்காரனுக்குத் துணிக்கா பஞ்சம். கை நீட்டினா ஒரு அழுக்கு விரிப்பு இருக்கும். தண்ணி சிந்தினா துணி, எண்ணெய் சிந்தினா துணி, பிளீச் சிந்தினாலும் ஆசிட் சிந்தினாலும் அதே துணி. துடைச்சு டிராலியில எறிஞ்சுட்டுப் போயிட்டே இருப்போம். எப்படியும் துவைக்கப் போறதுதானே.

இதை நிறுத்தறதுக்கு அவ பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 'துணியில துடைச்சா அது போகலை அண்ணி, இடம் மாறுது, அவ்வளவுதான்'னு என்கிட்டயே சொல்லியிருக்கா. பிளீச் ஊறின துணியும் ஆசிட் ஊறின துணியும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா விஷக் காத்து கிளம்பும்னு எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னா. ரெண்டு டின்ல மணல் கொண்டு வந்து வச்சா, பிளீச்சுக்கு நீலம், ஆசிட்டுக்குச் சிவப்பு. சிந்தினா மணலைக் கொட்டு, தனித்தனி முறத்துல அள்ளு, தனித்தனியா மூடி போட்ட தொட்டியில போடு. மணல் வந்துச்சு. மூடி போட்ட தொட்டிதான் வரலை, மேனேஜர் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு இழுத்துக்கிட்டிருந்தார். துணியைச் சுத்தம் பண்ற இடத்துக்கு மண்ணைக் கொண்டு வர்றா பாருன்னு சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

அப்புறம் முகமூடி. முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு மூஞ்சி முழுக்க மூடற மாதிரி ஒண்ணு. எட்டு மாசம் கேட்டா. அவ வாயை அடைக்கிறதுக்காகவே மேனேஜர் ஒண்ணே ஒண்ணு வாங்கி, மருந்து ரூமுக்கு வெளியில ஒரு கண்ணாடி அலமாரியில மாட்டிக் கொடுத்தார். திங்கக்கிழமை தவறாம அதை எடுத்து மாட்டிப் பழகுவா. பாய்லர்காரர் போன்ல நேரம் பார்ப்பார். முதல் தடவை ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. போகப் போக நாற்பத்தேழு வினாடிக்கு வந்துட்டா. 'எந்த மாப்பிள்ளை பார்க்க வர்றான், இப்படி அலங்காரம் பண்ணிக்கறே'ன்னு நான் மேசையிலேர்ந்து கேட்பேன். 'நாற்பத்தஞ்சுக்குக் கொண்டு வரணும் அண்ணி'ம்பா. கேட்டதுக்கு அது பதிலா?

அந்த நாள் காலை பதினோரு மணி இருக்கும். அவ வாசல்ல லாரியிலேர்ந்து இறங்கின டிரம்மை எண்ணிக்கிட்டிருந்தா. எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், ராத்திரி ஷிப்ட்காரங்க ஒரு பிளீச் டிரம் குழாய் ஒழுகறதைப் பார்த்து, பழைய பழக்கத்துல மூணு விரிப்பைப் போட்டுத் துடைச்சு, மருந்து ரூம் டிராலியிலேயே போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. என் தம்பி ஆசிட் எடுக்க உள்ள இறங்கினான். கேன் மூடி சரியா திருகலை. தூக்கினதும் பாதி கேன் தரையில கொட்டிடுச்சு.

சிவப்பு டின் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. இதை அவனே அப்புறம் சொன்னான். மணலைக் கொட்டினா அவ வந்து பார்த்துக் கேள்வி கேட்பா, அவ வர்றதுக்குள்ள சட்டுனு துடைச்சிடலாம்னு நினைச்சானாம். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவளோட புருஷன், பொண்டாட்டி திட்டுக்குப் பயந்து ஒரு விரிப்பை உருவித் துடைச்சு டிராலியில எறிஞ்சான். அதுல ஏற்கெனவே பிளீச் விரிப்பு கிடந்துச்சு.

எனக்கு முதல்ல கேட்டது இருமல். சும்மா இருமல் இல்லை, நெஞ்சைப் பிச்சுக்கிட்டு வர்ற இருமல். அப்புறம் ஏதோ உருண்டு விழற சத்தம். அதோட நின்னு போச்சு. மேல படிக்கு வந்தவன் கண்ணு தெரியாம தடுக்கிக் கீழே விழுந்து மண்டையில அடிபட்டுட்டான். ஸ்பிரிங் கதவு, அதுபாட்டுக்கு மூடிக்கிச்சு.

கையில இருந்ததைப் போட்டுட்டு ஓடினேன். கதவுல ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அது வழியாப் பார்த்தேன். கீழே பச்சையும் மஞ்சளுமா புகை தரையோட தரையாப் படர்ந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள என் தம்பியோட ரெண்டு காலு தெரிஞ்சுது. ஒரு காலுல செருப்பு இல்லை. கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தேன், கதவு ஒரு சாண் திறந்திருக்கும். பின்னாலேர்ந்து ஒரு கை வந்து அதை அறைஞ்சு மூடிச்சு.

அவதான். வாசல்லயே வாடையை மோந்துட்டு ஓடி வந்திருக்கா.

'அண்ணி, கதவைத் தொடாதீங்க.'

'உள்ள என் தம்பிடி.'

'தெரியும். பின்னாடி போங்க.'

பளார்னு ஒண்ணு விட்டேன். என் பலம் பூராவும் சேர்த்து விட்ட அறை. அவ தலை ஒரு பக்கம் திரும்பி, திரும்பின வேகத்துலயே நேரா வந்துச்சு. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாய்லர்காரரைப் பார்த்து, 'அண்ணே, கதவுல முதுகைக் கொடுத்து நில்லுங்க. என்னைத் தவிர யாரையும் விடாதீங்க, அண்ணியையும் சேர்த்துத்தான்'னா. வெளியில இருந்த காத்தாடி சுவிட்சைப் போட்டா. வாட்ச்மேன் கிட்ட, 'ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. குளோரின் காத்துன்னு சொல்லுங்க, மறக்காம சொல்லுங்க. எல்லாரையும் முன்வாசலுக்கு அனுப்புங்க'ன்னா. சத்தம் போடலை. விரிப்பு எண்ணற குரல்லதான் சொன்னா.

அப்புறம் அலமாரியைத் திறந்து முகமூடியை மாட்ட ஆரம்பிச்சா.

என் வாயிலேர்ந்து என்னென்ன வந்துச்சுன்னு இப்ப நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. 'அவன் செத்துக்கிட்டிருக்கான், நீ அலங்காரம் பண்ணிக்கறியா'ன்னேன். 'நான் பார்த்துக் கட்டி வச்சேனே, என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியே'ன்னேன். அவ ஒவ்வொரு வாரையா இழுத்துக்கிட்டே எண்ணிக்கிட்டிருந்தா. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. காத்து வர்ற குழாயை உள்ளங்கையால அடைச்சு மூச்சை இழுத்துப் பார்த்தா. எங்கேயோ காத்து கசிஞ்சுது போல. நெத்தியோரமா முடி கொஞ்சம் உள்ள மாட்டிக்கிட்டிருந்துச்சு. நான் அறைஞ்சதுல கலைஞ்ச முடி. அவ அவ்வளவு வாரையும் தளர்த்திட்டு, முடியைத் தள்ளி விட்டுட்டு, முதல்லேர்ந்து மாட்டினா. உள்ள கிடக்கிறது அவ புருஷன். முதல்லேர்ந்து மாட்டினா. அந்த நெஞ்சுரம் எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

அதே அலமாரியில இருந்த கயிறை இடுப்புல கட்டி, மறு முனையைப் பாய்லர்காரர் கையில கொடுத்தா. முகமூடிக்குள்ளேர்ந்து குரல் கிணத்துக்குள்ள பேசற மாதிரி வந்துச்சு. 'ரெண்டு தடவை சுண்டினா அவரைக் கட்டிட்டேன்னு அர்த்தம், இழுங்க. கதவு திறக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கோங்க. அஞ்சு நிமிஷத்துல நான் சுண்டலைன்னா கயிறை மட்டும் இழுங்க. நீங்க உள்ள வரக்கூடாது. ஆம்புலன்ஸ்காரங்க வரட்டும்.'

கதவு திறந்து மூடிச்சு. கயிறுக்காக ஒரு விரல் இடுக்கு இருந்துச்சு, அதை ஈர விரிப்பால அடைச்சார் பாய்லர்காரர். நான் தரையில உக்காந்துட்டேன். எனக்கு எண்ணவும் வரலை, அழவும் வரலை. கயிறையே பார்த்துக்கிட்டிருந்தேன். அது போயிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் நின்னுச்சு. நின்னது நின்னபடியே இருந்துச்சு. பாய்லர்காரர் நெத்தியில வேர்வை ஒழுகுது. அப்புறம் ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு.

அவர் இழுத்த இழுப்பு இருக்கே, மனுஷன் அறுபது கிலோ மூட்டையை அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை. தம்பி மேல வந்தான், கயிறு அக்குள்ல கட்டியிருந்துச்சு, அவ கீழேயிருந்து காலைத் தூக்கித் தள்ளிக்கிட்டே வந்தா. நேரா முற்றத்துக்குக் கொண்டு போனாங்க. ஆசிட் நனைஞ்ச சட்டையைக் கத்தரிச்சு எடுக்கச் சொன்னா. குழாய்த் தண்ணியை மெதுவா விட்டுக் கண்ணை அலசச் சொன்னா. எனக்கும் ஒரு வேலை கொடுத்தா, தலையைப் பிடிச்சுக்கச் சொன்னா. அவன் என் மடியில ஒரு இருமல் இருமினான். அவன் பொறந்தப்ப அழுத அழுகையைவிட அந்த இருமல் எனக்கு இனிச்சுது.

அப்பதான் அவ முகமூடியைக் கழட்டினா. சுத்திலும் ரப்பர் பதிஞ்ச வரி. அதுக்கு நடுவுல கன்னத்துல என் அஞ்சு விரல்.

ஆஸ்பத்திரியில டாக்டர் எங்களைத் தாண்டி வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். குளோரின்னு போன் வந்ததும் நாலு படுக்கை தயார் பண்ணி வச்சிருந்தாராம். 'மத்தவங்க எங்கே'ன்னு கேட்டார். மத்தவங்க யாரும் இல்லைன்னோம். நம்பாம இன்னொரு தடவை கேட்டார். இந்த மாதிரி இடத்துலேர்ந்து ஒருத்தர் மட்டும் வந்து அவர் பார்த்ததில்லையாம், எப்பவும் காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்துதான் வருவாங்களாம்.

தம்பி ஒன்பது நாள் அங்கே கிடந்தான். அதுக்குள்ள இவ இன்னொரு காரியம் பண்ணினா. மேனேஜர் தவறுதலா நடந்த விபத்துன்னு ரெண்டு வரி எழுதி முடிச்சுடலாம்னார். இவ உக்காந்து மூணு பக்கம் எழுதினா. ராத்திரி ஷிப்ட் பண்ணின தப்பு. தொட்டி வாங்கித் தராத தப்பு. 'தொட்டியை ரெண்டு தடவை கேட்டுவிட்டு மூணாவது தடவை கேட்காமல் விட்டது என் தப்பு.' அப்புறம் என் தம்பி பண்ணின தப்பு, 'என் கணவர்'னு போட்டே எழுதினா. குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டாளேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தம்பிகிட்டப் போய் நான் சொன்னா, அவன் ஆக்சிஜன் குழாயோட படுத்துக்கிட்டு, 'எழுதட்டும் அக்கா, நிஜம்தானே'ங்கறான். இவனுக்கு இவளேதான் சரி.

அந்த மூணு பக்கம் முதலாளி வரைக்கும் போச்சு. ஒரே வாரத்துல மூடி போட்ட தொட்டி வந்துச்சு. ஆசிட்டைத் தனி ரூமுக்கு மாத்தினாங்க. முகமூடி மூணு புதுசா வந்துச்சு. இப்ப திங்கக்கிழமை நாலு பேரு மாட்டிப் பழகறாங்க, அதுல நானும் ஒருத்தி. எனக்கு இன்னும் ஒரு நிமிஷத்துக்குக் குறையலை. சொல்லிட்டேன், யாரும் சிரிக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்னைக்குத் தம்பி உள்ள டாக்டர் ரூம்ல இருந்தான். நாங்க ரெண்டு பேரும் மருந்துக் கடை எதிர்ல இருந்த பெஞ்சுல உக்காந்திருந்தோம். ஒன்பது நாளா தொண்டையில நின்னதை அன்னைக்குத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லை. 'இந்தா, அன்னைக்கு நான் கை நீட்டினது தப்புதான்'னேன்.

'வலிச்சுது அண்ணி'ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் மருந்துச் சீட்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருந்தா. அவளாவே பேசினா, அதுவே அதிசயம். 'உங்களை உள்ள விட்டிருந்தா மூணாவது படியிலேயே விழுந்திருப்பீங்க. ரெண்டு பேரு விழுந்து கிடந்தா, கதவுக்குக் கிட்ட இருக்கறவங்களைத்தான் முதல்ல எடுக்கணும். அதான் பயிற்சியில எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் உங்களைத்தான் எடுத்திருப்பேன். அவரைத் தாண்டிப் போகணும்னு தோணியிருக்கும், ஆனாலும் உங்களைத்தான் எடுத்திருப்பேன். திரும்பிப் போறதுக்குள்ள அவர் இருந்திருக்க மாட்டார்.'

சீட்டை மடியில வச்சுட்டு என் பக்கம் திரும்பினா.

'நீங்க பிழைச்சு எழுந்திருப்பீங்க அண்ணி. உங்களாலதான் அவர் போனார்னு உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. அவரை வளர்த்தது நீங்க. அதோட நீங்க எப்படி இருந்திருப்பீங்க? கதவை மூடும்போது அதையும்தான் நினைச்சேன்.'

என் புருஷன் என்னை விட்டுப் போன அன்னைக்குக்கூட நான் வாய் மூடினதில்லை. அன்னைக்கு மூடிட்டேன். அவ கையைப் பிடிச்சேன். பிளீச்சுல தோல் உரிஞ்சு உரிஞ்சு சொரசொரன்னு இருக்கிற கை. என் கையும் அப்படித்தான் இருக்கும். விடாம பிடிச்சுக்கிட்டேன்.

டாக்டர் ரூம் கதவைத் திறந்துக்கிட்டுத் தம்பி வந்தான். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு, நாலடிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு, ஆனா தன் காலுல தானே நடந்து வந்தான். எங்க கையைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான்.

'என்னக்கா, அழுதியா? என்ன ஆச்சு?'

'ஒண்ணும் இல்லைடா. இவ உன்னை ஒருத்தனைத்தான் காப்பாத்தினான்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.'